தாத்தாவின் காதருகே மூன்று சிரிப்புப் படங்கள்

சென்ற மாதம் ஒரு வார இறுதி முழுவதும் நான் கத்திக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை காலை விரிவுரைக்குப் போனபோது தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை. "ஏதாவது இசை நிகழ்ச்சிக்குப் போனியா?" என்று தோழி கேட்டாள். "இல்ல, தாத்தாவோட வீட்டுல படம் பார்த்தேன்" என்றேன். அவள் நம்பவில்லை.

நடந்தது இதுதான். அம்மா மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்கு வேலை. தாத்தாவைத் தனியே விடக்கூடாது என்பதால் நான் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் தம்பியும் வீட்டில்தான் இருந்தான். ஆனால் அவனிடம் தாத்தாவை ஒப்படைப்பதும் கைப்பேசியிடம் ஒப்படைப்பதும் ஒன்றுதான்.

தாத்தாவுக்கு 78 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர். இரும்புத் தகட்டின் மீது சுத்தியல் விழும் சத்தத்துக்கு நடுவே 30 வருடங்கள் இருந்தால் காது என்ன ஆகும்? கேட்கும் திறன் கொஞ்சங்கொஞ்சமாகப் போய்விட்டது. அம்மா பரிசோதனைக்கு அழைத்துப்போய் செவிப்புலன் கருவி வாங்கிக் கொடுத்தார். தாத்தா அதைக் "காது மெஷின்" என்பார். போட்டால் மின்விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரைகிறதாம், தான் முறுக்கு கடிப்பது தனக்கே இடி மாதிரி கேட்கிறதாம். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கழற்றி, பாட்டியின் தையல் சாமான்கள் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் தொலைக்காட்சியில் செய்தி மட்டும்தான் பார்ப்பார். செய்திக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடும். படத்துக்கு ஓடாது.

எங்கள் வீட்டுச் சோபாவில் மூன்று பேர் உட்காரலாம். நடுவில் தாத்தா. அவருக்கு இடது பக்கம் பாட்டியின் இடம். பாட்டி தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை இன்னும் அங்கேயே இருக்கிறது. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் யாரும் உட்காருவதில்லை. நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். தம்பி தரையில்.

படம் பார்க்கும் யோசனை என்னுடையது. சனிக்கிழமை காலை முழுவதும் தாத்தா சன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தா, சிரிப்புப் படம் பாக்கலாமா?" என்று கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது, "காதலிக்க நேரமில்லை இருக்கா?" என்றார்.

இருந்தது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய படம். அந்தப் படம் வந்தபோது தாத்தாவுக்கு 17 வயது. தியேட்டரில் மூன்று முறை பார்த்தாராம், மூன்றாவது முறை வீட்டுக்குத் தெரியாமல். கதாநாயகன் ரவிச்சந்திரனுக்கு இதுதான் முதல் படம். அவர் மலாயாவில் பிறந்து, படிப்பதற்காகத் தமிழ்நாட்டுக்குப் போனவர். "நம்ம பக்கத்துப் பையன்டா, அப்புறம் பாக்காம இருப்பமா!" என்று தாத்தா தம்பியிடம் சொன்னார். தம்பிக்கு ரவிச்சந்திரன் யாரென்று தெரியாது. எனக்கும் பெயர் மட்டும்தான் தெரியும்.

கதை எளிமையானது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், அதாவது டி. எஸ். பாலையா. அவருக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் இளைஞன் முதலாளியின் பெண்ணைக் காதலிக்கிறான். பணக்காரன் மகனென்று பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைக் காப்பாற்ற நண்பன் முத்துராமனைப் பணக்கார அப்பாவாக வேடம் போட வைக்கிறான். அந்த நண்பனோ முதலாளியின் இன்னொரு பெண்ணைக் காதலித்துக்கொண்டிருக்கிறான். பையன் செல்லப்பாதான் நாகேஷ். 'ஓகோ புரொடக்‌ஷன்ஸ்' என்று நிறுவனம் தொடங்கிப் படம் எடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு, அப்பாவிடம் பணம் கேட்டு அலைகிறவர். அப்பா பணத்தில் ஏதாவது தொழில் தொடங்குவதாகச் சொல்லித் திரியும் ஆள் உங்கள் நண்பர் வட்டத்திலும் ஒருவர் இருப்பார். என் வட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

படம் தொடங்கியதும் நான் வசனங்களைத் தாத்தாவின் காதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தேவையே இல்லை. முழுப் படமும் அவருக்கு மனப்பாடம். எனக்குத்தான் அவர் சொல்லிக்கொண்டு வந்தார். அதுவும் திரையில் வருவதற்கு அரை நிமிடம் முன்னாடியே.

நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப் படக் கதை சொல்லும் காட்சியைப் பலரும் துண்டாகப் பார்த்திருப்பீர்கள். நானும் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் நாகேஷைத்தான் பார்த்தேன். அந்தக் குரல், கதவு திறக்கும் சத்தம், உருளும் கண் எல்லாம் அவரிடம்தானே இருக்கின்றன. தாத்தா அன்று சொன்னார்: "நாகேஷ விடு. பாலையாவப் பாரு." பார்த்தேன். அந்தக் காட்சியில் பாலையாவுக்குப் பெரிதாகப் பேச்சே கிடையாது. கேட்கிறார், அவ்வளவுதான். முதலில் அலட்சியம். பிறகு கொஞ்சம் ஆர்வம். பிறகு முகத்தில் பயம் ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது. தன் வீட்டுக் கூடத்தில் பகலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிடுகிறார். பேய் எங்கேயும் வரவில்லை. ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார், நாம் சிரிக்கிறோம். காதே கேட்காத ஒருவர் இந்தக் காட்சியை எப்படி இவ்வளவு ரசிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரவு 'தில்லு முல்லு'. இதில் என் பாடு தொடங்கியது. 1981இல் கே. பாலசந்தர் இயக்கிய இந்தப் படம் 'கோல்மால்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். தாத்தா ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார், கதை மறந்துவிட்டது. வசனம் விசு. பாதி வசனங்களில் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு குறும்பு இருக்கிறது. படத்துக்கு ஆங்கில எழுத்துதான் ஓடியது. தாத்தாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், மலாய் பேசத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஆகவே நான்.

சிரிப்பு வசனத்தை இன்னொருவர் காதில் சத்தமாகத் திருப்பிச் சொல்வது எவ்வளவு கடினம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். தேங்காய் சீனிவாசன் ஒன்று சொல்கிறார். நான் அதைக் கேட்டு, புரிந்துகொண்டு, தாத்தா பக்கம் திரும்பிக் கத்துவதற்குள் ரஜினி பதில் சொல்லிவிடுகிறார். பதிலைச் சொல்வதற்குள் காட்சியே மாறிவிடுகிறது. எங்கள் வீட்டில் அன்று சிரிப்பு மூன்று தவணையில் வந்தது. ஆங்கில எழுத்தை வேகமாகப் படித்துவிடும் தம்பி, நடிகர் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிடுவான். வசனத்தைக் கேட்டு நான் சிரிப்பேன். பத்து வினாடி கழித்து, திரையில் யாரோ அழுதுகொண்டிருக்கும்போது, தாத்தா சிரிப்பார். பல நேரம் சிரிக்கவே மாட்டார். "என்னது?" என்பார். நான் மறுபடி கத்துவேன். இரண்டாவது முறை சொல்லும்போது எனக்கே அதில் என்ன சிரிப்பு என்று தெரியாமல் போய்விடும்.

நான் பேசும்போதெல்லாம் தாத்தா திரையை விட்டுவிட்டு என் பக்கம் முழுவதும் திரும்பி முகத்தையே பார்ப்பார். தொந்தரவு செய்கிறோமோ என்று நினைத்துக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். உடனே தொடையில் தட்டினார்: "சொல்லு, சொல்லு."

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். முழு வசனத்தையும் சொல்லக்கூடாது. எந்தச் சொல்லில் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக் காதில் போடவேண்டும். நேர்காணல் காட்சியில் இது நன்றாக வேலை செய்தது. முதலாளிக்கு மீசை வைத்தவர்களைத்தான் பிடிக்கும். பழைய பழக்கவழக்கம் வேண்டும். விளையாட்டுப் பைத்தியம் ஆகாது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற உடையில் ரஜினி போய் நிற்கிறார். பெயரைக் கேட்டால் அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன் என்று தலைப்பெழுத்துகளை எல்லாம் விரித்துச் சொல்கிறார். நான் அந்தப் பெயரை மட்டும் ஒரே மூச்சில் சொன்னேன். தாத்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எனக்கு அந்தக் காட்சி வேறு காரணத்துக்காகவும் சுட்டது. அடுத்த விடுமுறைக்கான வேலைப் பயிற்சிக்கு நான் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஒவ்வொன்றின் இணையத்தளத்தையும் படித்து, அவர்கள் எதை விரும்புகிறார்களோ அதையே என் குணமாக எழுதியிருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்கு நான் அமைதியாகச் சிந்திப்பவள், இன்னொன்றுக்கு எல்லாரையும் கலகலப்பாக்குபவள். மீசை ஒட்டாத குறைதான். சந்திரன், மீசையில்லாத தம்பி இந்திரனாகவும் அலைவதைப் பார்த்துச் சிரித்தபோது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஞாயிறு காலை படம் எதுவும் போடவில்லை. தம்பி தன் கைப்பேசியில் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியைத் தாத்தாவிடம் காட்டினான். 1989இல் வந்த படம். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம், ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை நீட்டும் செந்தில், பொறுமை போன கவுண்டமணி. இதற்கு யாருக்கும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. ஆனால் அதற்கடுத்து தானாக ஓடிய வேறு காட்சிகளில் ஒருவர் நிறத்தையும் உடம்பையும் வைத்தே வசனம் போனது. தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தொடக்கப்பள்ளியில் அப்படி ஒரு படத்தில் வந்த பட்டப்பெயரை என் நிறத்துக்காக எனக்கு வைத்திருந்தார்கள். வைத்தவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான். அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது, படத்தில் வருவதுபோலவே சொல்வார்கள், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிக்கவேண்டும். இரண்டு வருடம் சிரித்தேன். இதை வீட்டில் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன். தம்பி கைப்பேசியை அணைத்தான். தாத்தாவுக்கு நான் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "அப்ப நாங்களும் சிரிச்சோம்" என்று மட்டும் சொன்னார். நான் அந்தப் படங்களை எல்லாம் ஒதுக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. வாழைப்பழத்துக்கு இன்றும் சிரிப்பேன். மற்றதற்கு முடியாது.

மதியம் 'மைக்கேல் மதன காம ராஜன்'. இது அம்மாவுக்குப் பிடித்த படம். "அதப் போடு, தாத்தாவுக்குப் பிடிக்கும்" என்று வேலையிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். 1990இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கியது. வசனம் கிரேசி மோகன். கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர் அவர். 2019இல் காலமானார். அவருடைய சொல்விளையாட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். 'பஞ்சதந்திரம்' படத்தில் 'முன்னாடி', 'பின்னாடி' என்ற இரண்டு சொற்களை வைத்தே ஒரு குழப்பத்தை வளர்த்திருப்பார். தமிழில் 'முன்னாடி' என்றால் இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். விடுதியில் என் சீன அறைத்தோழிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். ஆங்கிலத்தில் அந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால் குழப்பமே பிறக்கவில்லை. "அப்புறம்?" என்று அவள் மரியாதையாகக் காத்திருந்தாள். அப்புறம் ஒன்றுமில்லை.

மைக்கேல் மதன காம ராஜனில் நான்கு கமல்ஹாசன்கள், நான்கு விதமான பேச்சு. வெளிநாட்டில் படித்த மதனின் ஆங்கிலம் கலந்த தமிழ் எனக்கு எளிதாகப் புரிந்தது. தீயணைப்பு வீரர் ராஜுவின் சென்னைத் தமிழ் முக்கால்வாசி புரிந்தது. சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழில்தான் மாட்டிக்கொண்டேன். நான் சாதாரண நிலைத் தேர்வில் உயர்தமிழ் எடுத்தவள். கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். காமேஸ்வரன் வாயைத் திறந்தால் பாதிக்குமேல் பிடிபடவில்லை. மலையாளமும் தமிழும் பின்னிக்கொண்டு, வாக்கியத்தின் கடைசியில் ஒரு இழுப்போடு வருகிறது. ஆங்கில எழுத்தைப் படித்தால் அர்த்தம் தெரிகிறது, சிரிப்பு வரவில்லை.

வேறு வழியில்லாமல், என் காதில் விழுந்த ஒலியை அப்படியே தாத்தாவிடம் கத்தினேன். இழுப்பையும் சேர்த்து. அவர் சட்டென்று சிரித்தார். பிறகு எனக்கு அர்த்தம் சொன்னார். கடற்படைத் தளத்திலும் பட்டறையிலும் மலையாளிகள் நிறைய பேர் வேலை செய்தார்கள். தாத்தாவுக்கு அடுத்த வீடு, பக்கத்து மேசை, டீ குடிக்கும் கூட்டம் எல்லாம் அவர்கள்தான். "பாலக்காட்டுக்காரன் ஒருத்தன் எங்கூட இருந்தான். கோபம் வந்தாக்கூட இப்படித்தான், பாட்டுப் பாடுற மாதிரி திட்டுவான்" என்றார். அதன்பிறகு அந்தப் படத்தில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. புரியாததை நான் சொல்வேன், கேட்காததை அவர் புரிந்துகொள்வார், பிறகு எனக்குச் சொல்வார். நேரம் பிடித்தது. ஒரு காட்சிக்கு இரண்டு முறை நிறுத்தினோம். தம்பி கண்ணை உருட்டினான், ஆனால் எழுந்து போகவில்லை.

கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் காட்சிக்கு நான் வாயைத் திறக்கவேண்டியிருக்கவில்லை. டெல்லி கணேஷ் முகமே போதும். அதேபோல் கடைசியில் மலை விளிம்பில் ஒரு வீடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து ஆடும். உள்ளே எல்லாரும் சறுக்குவார்கள். சார்லி சாப்ளினின் 'தி கோல்டு ரஷ்' படத்தில் 1925இலேயே இப்படி ஒரு குடிசை உண்டு. அது பேச்சே இல்லாத காலத்துப் படம். அந்த வீடு ஆடும்போது எங்கள் வீட்டில் முதன்முறையாக மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். தாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டிச் சோபாவின் அந்த மூலையைத் தட்டினார். கை தலையணை மேல் விழுந்தது. கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

இரவு ஏழு மணிக்கு அம்மா வந்தார். நான் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குக் கிளம்பினேன். தாத்தா மின்தூக்கி வரை கூடவே வந்தார்.

"அடுத்த வாரம் வருவியா பாப்பா?"

"பரீட்சை இருக்கு தாத்தா. அதுக்கடுத்த வாரம் வர்றேன்" என்று அவர் காதில் கத்தினேன்.

"வர்றப்ப இந்தப் பக்கம் உக்காரு" என்று இடது பக்கத்தைக் காட்டினார். "அந்தக் காது சுத்தமா கேக்காது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டு நாளா அதுலதான கத்திக்கிட்டு இருந்தேன்! ஏன் தாத்தா சொல்லல?"

"நீ சொல்றப்ப உன் மூஞ்சி போற போக்கப் பாக்கணுமே! நாகேஷ் தோத்தான்."

மின்தூக்கி வந்து கதவு திறந்தது. நான் ஏறாமல் நின்றேன். "அது பாட்டி இடமாச்சே" என்றேன். இந்த முறை சரியான பக்கத்தில் சொன்னேன். கத்தவேண்டியிருக்கவில்லை.

"அவ வேற எதுக்கு அங்க உக்காந்தா? அதுக்குத்தான்" என்றார்.

அடுத்த படம் 'பஞ்சதந்திரம்' என்று முடிவாகியிருக்கிறது. செவிப்புலன் கருவி இன்னமும் பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது, அம்மா தினமும் நச்சரிக்கிறார். முன்னாடியையும் பின்னாடியையும் இடது காதில் எந்த வேகத்தில் சொன்னால் சரியாக இருக்கும் என்று நான் விடுதியில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறைத்தோழி ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.